அந்த வெள்ளை வாளியில் என்ன இருக்கிறது?



போன வாரம் பேரனோடு எடுத்த படம் ஒன்றைப் போட்டிருந்தேன். மிச்சிகனில் மகன் வீட்டு பேஸ்மென்ட்டில் எடுத்தது. எல்லோரும் பேரன் என்னைப் போலவே இருக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள், சந்தோஷம். 1998 செட் மாணவன் ஒருவன் மட்டும், "டீச்சர், பின்னால ஒரு வெள்ளை வாளி இருக்கே, மூடி மேல வளைஞ்ச குழாய் வேற இருக்கு, என்னது அது? லேப் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டிருந்தான். பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்த பையன். இப்போதுதான் கண் கூர்மையாகி இருக்கிறது!

மழுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். தண்ணீர் வடிகட்டுகிற வாளி என்று சொன்னால் முடிந்தது. என் மகன் அதைத்தான் என்னிடம் சொன்னான். ஆனால் முப்பத்து மூன்று வருடம் உங்களுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்துவிட்டு ஒரு வாளியைப் பற்றிப் பொய் சொல்வது நன்றாக இல்லை. அதில் இருப்பது பீர். என் மகன் வீட்டில் தயாரிக்கிற பீர். வாளியைத் தேர்ந்தெடுத்தது நான்.

பதறாதீர்கள். முழுவதும் படியுங்கள்.

வந்து நாலாம் நாள், அரிசி மூட்டை கீழே இருக்கிறது என்று மருமகள் சொன்னாள், எடுக்கப் போனேன். பாய்லருக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம். ப்ளக். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ப்ளக். எலியாக இருக்குமோ என்று ஒரு நிமிடம்தான் நினைத்தேன். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். தண்ணீருக்குள் குழாய் வழியாக வாயு வெளியேறுகிற சத்தம். ஒன்பதாம் வகுப்புக்கு எத்தனை வருடம் செய்து காட்டியிருப்பேன்! கூம்புக் குடுவையில் சர்க்கரைக் கரைசலும் ஈஸ்ட்டும், மேலே ரப்பர் கார்க், வளைந்த கண்ணாடிக் குழாய், அதன் மறுமுனை சுண்ணாம்புத் தண்ணீரில். தண்ணீர் பால் போல வெளுத்ததும் "கார்பன் டை ஆக்சைடு, டீச்சர்!" என்று கத்துவீர்கள்.

மேலே வந்து "கீழே என்னப்பா நொதிக்குது?" என்று கேட்டேன். அவன் முகம் வெளுத்துப் போனது. "தண்ணி ஃபில்டர்மா" என்றான். "தண்ணிக்கு ஈஸ்ட் வாசம் வருமாப்பா?" என்றேன். பேச்சில்லை.

அவன் ஏன் மறைத்தான் என்று சொந்தக்காரர்களுக்குத் தெரியும், மாணவர்களுக்குத் தெரியாது. என் அப்பா அருப்புக்கோட்டையில் நெசவாளர். நல்ல தறிக்காரர் என்று பேர் எடுத்தவர். 1971-இல் மதுவிலக்கைத் தளர்த்திக் கடை திறந்தார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது. 1974-இல் திரும்ப மூடினார்கள், ஆனால் அந்த மூன்று வருடம் அப்பாவுக்குப் போதுமானதாக இருந்தது. கடை மூடினாலும் சாராயம் எங்கே கிடைக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஒரு பித்தளை அண்டா இருந்தது. அம்மா சீராகக் கொண்டுவந்தது, இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டும். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அது இருந்த இடத்தில் தரையில் வட்டமாகத் தடம் மட்டும் இருக்கிறது. அடகுக் கடைக்குப் போன அண்டா திரும்பவில்லை. அம்மா அந்த வட்டத்தின் மேல் ரொம்ப நாள் எதையும் வைக்கவே இல்லை.

இந்தக் கதையை என் மகனுக்குச் சோற்றோடு ஊட்டியிருக்கிறேன். உங்களுக்கும் எத்தனால் பாடம் வரும்போதெல்லாம் அண்டாவை மட்டும் விட்டுவிட்டு மீதியைச் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட அம்மா வருகிறாள் என்றால் அவன் வாளியை பாய்லருக்குப் பின்னால் ஒளிக்கத்தானே செய்வான். ஆறு வருடமாகச் செய்கிறானாம். எனக்குத் தெரியாமல் ஆறு வருடம்.

இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மருமகள்தான் பாவம், இருவருக்கும் நடுவே தட்டைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் இரவு அவன் கீழே பாத்திரத்தைத் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு "ச்சே" என்றான். போய்ப் பார்த்தேன். புளித்துப்போயிருந்தது. 19 லிட்டரும் வீண். சாக்கடையில் ஊற்றப் போனான்.

"இருப்பா" என்றேன். கோபம் ஒரு பக்கம், ஆனால் ஒரு சோதனை ஏன் தோற்றது என்று பார்க்காமல் ஊற்றிவிடுவதா?

வாளியைக் காலி செய்யச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்பக்கம் முழுக்க முடி முடியாகக் கீறல். "எதை வச்சுத் தேய்ச்ச?" "பாத்திரம் தேய்க்கற பச்சை நார்தான்மா." அதுதான் காரணம். அந்த வாளி ஹெச்டிபிஇ என்கிற பிளாஸ்டிக். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று போட்டிருக்கும். மிருதுவானது. நாரைப் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும். அந்தக் கீறல் நம் கண்ணுக்கு முடி, லாக்டோபேசிலஸுக்கோ பெரிய பள்ளத்தாக்கு. கிருமிநீக்கி ஊற்றினாலும் அதன் அடிவரை ஒழுங்காக எட்டாது. அடுத்த முறை இனிப்புக் கஷாயம் உள்ளே வந்ததும் ஈஸ்ட்டோடு சேர்ந்து அதுவும் பந்தியில் உட்கார்ந்துவிடும். தோசை மாவுக்கு அந்தப் பாக்டீரியா குடும்பம்தான் தெய்வம். பீருக்கு எமன்.

"அப்ப நல்லதா ஒரு பாத்திரம் வாங்கணும்" என்றான். நானும் வாயைத் திறந்துவிட்டேன்.

இங்கே இது சட்டப்படி செய்கிற காரியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம். பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கிற வீட்டில் வருடத்துக்கு 200 காலன் வரை வரி கட்டாமல் காய்ச்சிக்கொள்ளலாம், விற்கத்தான் கூடாது. நம் ஊரில் உரிமம் இல்லாமல் செய்வது குற்றம். டீச்சரே எழுதியிருக்கிறார் என்று யாரும் மொட்டை மாடியில் வாளியைத் தூக்கி வைத்துவிடாதீர்கள்.

அவனுக்கு முன்னால் நாலு வழி இருந்தது. ஊரை விட்டுப் போகிற நண்பர் ஒருவர் பெரிய கண்ணாடி ஜாடியைச் சும்மாவே தருவதாகச் சொல்லியிருந்தார். கார்பாய் என்கிறார்கள், குறுகிய கழுத்து, பெரிய வயிறு. அதே வடிவத்தில் பெட் பிளாஸ்டிக்கிலும் கிடைக்கிறது. அடிப்பக்கம் கூம்பாக இறங்குகிற எவர்சில்வர் பாத்திரம் ஒன்று, அதில்தான் அவனுக்கு ஆசை. கடைசியாக, மறுபடியும் ஒரு சாதாரண வாளி.

எவர்சில்வரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. பீரின் பிஹெச் 4-க்கும் 4.5-க்கும் நடுவே இருக்கும். அந்தப் புளிப்பை எவர்சில்வர் தாங்கும். அதில் உள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே மெல்லிய ஆக்சைடு படலமாகப் போர்த்திக்கொள்வதால் துரு அண்டாது. ப்ளீச் போட்டு ஊற வைக்காமல் இருந்தால் போதும், குளோரின் அந்தப் படலத்தைத் தின்றுவிடும். கூம்பின் அடியில் படிகிற ஈஸ்ட்டைக் குழாயைத் திறந்து வெளியேற்றிவிடலாம். எல்லாம் சரி, விலை சில நூறு டாலர். மாதம் ஒரு தடவை காய்ச்சுகிறவனுக்கு அது எதற்கு? நகைக்கடையில் போய் ஆணி வாங்குகிற மாதிரி. வேண்டாம் என்றேன். (பிஹெச் என்று சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நீங்கள் மனப்பாடம் செய்து திட்டிக்கொண்டே எழுதிய அந்த பிஹெச் அளவுகோலை 1909-இல் சோரன்சன் உருவாக்கியது டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில். பீர் கம்பெனி நடத்திய ஆய்வகம்! இதை வகுப்பில் நான் ஒரு நாளும் சொன்னதில்லை. வேண்டுமென்றே சொல்லாமல் விட்டேன்.)

பெட் ஜாடி எடை இல்லாதது, கீழே விழுந்தாலும் உடையாது, உள்ளே நடப்பதைப் பார்க்கலாம். ஆனால் வெந்நீர் ஊற்றினால் கோணிக்கொள்ளும். தூக்கும்போது வயிறு அமுங்கி விரிந்தால் மேலே ஏர்லாக்கில் இருக்கிற தண்ணீரை உள்ளே உறிஞ்சிவிடும். கழுத்து வேறு குறுகல். கை உள்ளே போகாத பாத்திரத்தை எப்படிக் கழுவினாய் என்று எனக்கு நம்பிக்கை வராது.

மிச்சம் கண்ணாடி. மகனுக்கு அதன்மேல்தான் மனம் சாய்ந்தது. இலவசம் வேறு. "அம்மா, நீங்க கெமிஸ்ட்ரி டீச்சர், உங்களுக்கே தெரியும். கண்ணாடி கீறாது, எதோடவும் வினை புரியாது, காத்து உள்ள போகாது. இதைவிட என்ன வேணும்?" என்றான். அத்தனையும் உண்மை. வெளிச்சம் படாமல் துணி போர்த்த வேண்டும், அவ்வளவுதான். ஹாப்ஸில் இருந்து வருகிற கசப்புப் பொருளில் வெளிச்சம் பட்டால் ஒரு கந்தகச் சேர்மம் உண்டாகி நாற்றமடிக்கும்.

அந்த ஜாடியைக் கொண்டுவந்தும் விட்டான். சிங்க்கில் கழுவிக்கொண்டிருந்தான். கிருமிநீக்கியின் நுரையில் ஜாடி முழுவதும் வழுவழுவென்று இருந்தது. காலி ஜாடியே ஆறேழு கிலோ இருக்கும். அதைக் கழுத்தைப் பிடித்து ஒரு கையால் தூக்கி, அடியில் இன்னொரு கையைக் கொடுத்துத் திருப்பினான். பேரன் பக்கத்தில் முக்காலியில் ஏறி நின்று வேடிக்கை பார்க்கிறான். நான் "வை கீழே!" என்று கத்திவிட்டேன். வகுப்பில் கூட அப்படிக் கத்தியிருக்க மாட்டேன். பேரன் அழுதுவிட்டான்.

ஏன் கத்தினேன் என்று மகனிடம் அன்றைக்கு இரவு சொன்னேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

1993-ஆம் வருடம். பள்ளியில் ஆய்வுக்கு வருகிறார்கள் என்று ஒரே பரபரப்பு. மேலே சொன்ன அதே நொதித்தல் சோதனையைத்தான் வைத்திருந்தேன். ரப்பர் கார்க்கில் கண்ணாடிக் குழாயைச் செருகுவதற்கு ஒரு முறை இருக்கிறது. குழாயைக் கிளிசரினோ தண்ணீரோ தொட்டு நனைக்க வேண்டும், துணி சுற்றிப் பிடிக்க வேண்டும், கார்க்குக்கு அருகிலேயே பிடித்து மெதுவாகத் திருகிச் செருக வேண்டும். உங்கள் எல்லோருக்கும் சொல்லித்தந்திருக்கிறேன். 1993-க்குப் பிறகு வந்தவர்களுக்கு மிகவும் அழுத்திச் சொல்லித்தந்திருக்கிறேன். அன்றைக்குச் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கெட்டிக்காரி, அவளிடம் கொடுத்து "சீக்கிரம் மாட்டும்மா, வந்துட்டாங்க" என்றேன். துணியும் இல்லை, கிளிசரினும் இல்லை. அவள் அழுத்தினாள். குழாய் முறிந்து உள்ளங்கையில் ஏறிவிட்டது.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தையல் போட்டார்கள். காயம் ஆறியது, ஆனால் அவளுடைய மோதிர விரல் அதற்குப் பிறகு முழுதாக மடங்கவில்லை.

மறுநாள் என்னிடம் எழுத்து விளக்கம் கேட்டார்கள். "மாணவி கவனக்குறைவாகக் கையாண்டதால் குழாய் உடைந்தது" என்று எழுதிக் கொடுத்தேன். வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடம்தான் ஆகியிருந்தது, பயம். இரண்டு நாள் கழித்து அவள் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். சண்டை போட வருகிறார் என்று நினைத்து ஸ்டாஃப் ரூமில் நடுங்கிக்கொண்டு நின்றேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, "பிள்ளை கண்ணாடியை உடைச்சிருச்சாம் டீச்சர், மன்னிச்சிருங்க. என்ன விலைன்னு சொன்னா கட்டிடறேன்" என்றார். நான் "பரவாயில்லைங்க" என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

இதை எழுதுவதற்கு முன்னால் அவளிடம் போனில் பேசினேன். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. "எழுதுங்க டீச்சர், என் பேர் மட்டும் வேண்டாம்" என்றாள். அந்த விளக்கக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அது எனக்கு அப்பவே தெரியும் டீச்சர். அப்பாவுக்குத்தான் கடைசி வரைக்கும் தெரியாது" என்றாள். அவர் காலமாகி நாலு வருடம் ஆகிறதாம்.

குழாயை உடைத்தது அவள் இல்லை. அவசரப்படுத்திய நான்தான். அந்த வகுப்பில் இருந்தவர்கள் இந்தப் பதிவைப் படிக்கிறீர்கள். அவள் கவனக்குறைவு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருப்பீர்கள்.

மகன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஜாடியைத் துடைத்து, துணி சுற்றி, ஒரு பெட்டிக்குள் வைத்தான். அதற்குத் தூக்குகிற வார், பால் கிரேட் எல்லாம் உண்டு, அதில் வைத்துத் தூக்கினால் ஆபத்தில்லை என்று பிறகு ஒரு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்தான். இருக்கலாம். மாதக்கணக்கில் வைத்துப் பதப்படுத்துகிற சரக்கு என்றால் நானே கண்ணாடிதான் சொல்வேன், பிளாஸ்டிக் வழியாக ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். ஆனால் இவன் செய்வது இரண்டு மூன்று வாரத்துச் சமாச்சாரம். அந்த நாளுக்குள் கசிகிற காற்று ஒரு பொருட்டே இல்லை. அதற்காக, நிரம்பினால் 25 கிலோவுக்கு மேல் வருகிற கண்ணாடியை நுரைக் கையோடு தூக்கிக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்க வேண்டுமா? மேலும் அது நம் ஆய்வகத்து போரோசிலிகேட் கண்ணாடியும் அல்ல, சூடும் குளிரும் சட்டென்று மாறினால் விரிசல் விடும்.

ஆக, வாளி. புதிய வாளி. கடைக்கு நானும் போனேன். கடைக்காரர் தாடி வைத்த பெரியவர், புடவையில் ஒரு பாட்டி வந்து வாளிக்குள் கையை விட்டு அடியைத் தடவிப் பார்ப்பதை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அகன்ற வாய், கை அடி வரைக்கும் போகிறது, மூலை முடுக்கு இல்லை, உணவுக்கு உகந்தது என்ற குறி இருக்கிறது. கொள்ளளவு 25 லிட்டர், இவன் ஊற்றுவது 19. மிச்ச இடம் நுரைக்கு. தோசை மாவு ஆட்டி முக்கால் பாத்திரத்தோடு நிறுத்துகிறோமே, அதே கணக்கு. மூடியை அழுத்தி மூடிவிட்டு வாயு வெளியேற வழி விடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று மகனுக்குக் கணக்குப் போட்டே காட்டினேன். ஒன்றரை கிலோ சர்க்கரை நொதித்தால் 700 கிராமுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வரும். அறை வெப்பத்தில் அது ஏறக்குறைய 400 லிட்டர். 25 லிட்டர் வாளிக்குள் 400 லிட்டர் வாயு! அதனால்தான் அந்த வளைந்த குழாய். முதல் இரண்டு நாள் நுரை பொங்கி அதை அடைத்துவிடக்கூடும் என்பதால் அதற்குப் பதிலாகப் பெரிய ரப்பர் குழாய் ஒன்றை மாட்டி, மறுமுனையைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் விட்டோம். சுண்ணாம்புத் தண்ணீரில் விடலாமா என்று கேட்டேன். பேரனுக்காக. விட்டோம். பால் போல வெளுத்தது. என்னைப் போலவே அவனும் குதித்தான்.

கழுவுவதற்கு நான் போட்ட சட்டம்: மெல்லிய துணி மட்டும், மோதிரத்தைக் கழற்றிவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும், நார் அந்தப் பக்கமே வரக் கூடாது. கீறல் தெரிந்தால் அன்றைக்கே அது செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வாளியாகிவிட வேண்டும். மலிவான பாத்திரத்தின் பெரிய வசதி அதுதான், தூக்கிப் போட மனசு வரும்.

இனி அக்கா கேட்கப் போகிற கேள்விக்கு வருகிறேன். நான் குடிக்கவில்லை. வாசம் பார்த்தேன், ரொட்டி வாசமும் எலுமிச்சைத் தோல் வாசமும் அடித்தது. மகன் குடிக்கிறான். வந்து ஐந்து வாரமாகிறது, எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். குடிகாரன் மகளுக்கு எண்ணத் தெரியும். சனிக்கிழமை ஒரு டம்ளர், இரண்டு தடவை இரண்டு டம்ளர். "குடிக்கறதைவிட இதைச் செய்யறதுதான்மா எனக்குப் பிடிக்கும்" என்கிறான். அது உண்மையா என்று இப்போது சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஊருக்குத் திரும்பினாலும் போனில் கேட்டுக்கொண்டே இருப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். கேளுங்கம்மா என்றான். இனிமேல் ஒளிக்க மாட்டானாம்.

வாளி இப்போது பாய்லருக்குப் பின்னால் இல்லை, படிக்கட்டுக்குக் கீழே நிற்கிறது. அங்கே 18 டிகிரி, ஈஸ்ட்டுக்குச் சௌகரியம். நேற்று இரவோடு குமிழி நின்றுவிட்டது. முடிந்துவிட்டது என்று மகன் பாட்டில்களை எடுத்து வைக்க ஆரம்பித்தான். அவசரப்படாதே என்றேன். வாளியின் மூடி அத்தனை இறுக்கமானது இல்லை, வாயு ஓரமாகக்கூடக் கசிந்து போகும், குமிழியை நம்ப முடியாது. ஹைட்ரோமீட்டர் போட்டுப் பார்க்க வேண்டும், இரண்டு மூன்று நாள் ஒரே அளவு காட்ட வேண்டும். இன்று காலை 1.012. நாளைக் காலை மறுபடி பார்ப்போம்.